ஓயாத கவலை: படுகிறவர் பாடும், அவர் விரும்பும் வைத்தியமும்



கவலை இல்லாத வீடு இல்லை. மகளுக்கு வரன் அமையவில்லையே என்றும், இந்த வருஷமும் மழை பொய்த்ததே என்றும், பையன் பரீட்சையில் என்ன செய்வானோ என்றும் எல்லோரும் கவலைப்படுகிறோம். காரணம் தீர்ந்தால் அந்தக் கவலையும் தீரும். அது வியாதியல்ல, பொறுப்புள்ள மனிதருக்கு இயல்பானது. நாம் இன்று படிக்கப்போவது வேறொன்றைப் பற்றி. மகளுக்குக் கலியாணம் ஆயிற்று. உடனே, மருமகன் பைக்கில் போகிறாரே என்ற கவலை. அவர் பத்திரமாய் வீடு வந்து சேர்ந்தார். அவருடைய வேலை நிலைக்குமோ என்ற கவலை. வேலையும் நிலைத்தது, எல்லாம் இவ்வளவு நன்றாய் நடக்கிறதே, இதற்குப் பின்னால் என்ன வரப்போகிறதோ என்ற கவலை. ஒரு கொம்பு ஒடிந்தால் மறு கொம்பைப் பற்றிக்கொள்ளும் கொடியைப்போல, காரணம் போனபின்பும் போகாத கவலை இது.

வைத்தியர்கள் இதைப் பொதுவான பதட்ட நோய் என்கிறார்கள். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1980-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பில்தான் இதற்குத் தனிப் பெயர் கிடைத்தது. அதற்குமுன் வேறு பதட்ட வியாதிகளோடு ஒரே மூட்டையாய்க் கட்டப்பட்டுக் கிடந்தது. இப்போது அவர்கள் வைத்திருக்கும் அளவு இதுதான்: ஆறு மாதத்துக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில், பல காரியங்களைப் பற்றி, அடக்க நினைத்தாலும் அடங்காத மிதமிஞ்சிய கவலை இருக்கவேண்டும். அதோடு இருப்புக்கொள்ளாமை, சீக்கிரம் களைத்துப்போதல், ஒன்றில் மனம் நில்லாமை, எரிச்சல், தசைகள் இறுகுதல், தூக்கக் கேடு என்னும் ஆறில் மூன்றாவது காணவேண்டும். சிறுவருக்கு ஒன்று போதும். இவற்றால் வேலையோ குடும்பமோ கெடவேண்டும். ஆண்களைவிடப் பெண்களிடம் இது ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது.

படுகிறவர் சொல்வது

இனி எழுதுவது பலர் பல சமயங்களில் பங்குப் பணிமனைத் திண்ணையிலும் வீடு சந்திக்கப் போன இடத்திலும் சொன்னதன் சாரம். ஒருவரை அடையாளம் காட்டும் எதுவும் இதில் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது ஒரு சொல்லும் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முதலாவது, "எனக்கு மனதில் வியாதி" என்று சொல்லிக்கொண்டு அநேகமாய் ஒருவரும் வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, பிடரியிலிருந்து தலைவரைக்கும் பாரம், கை நடுங்குகிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றுதான் சொல்லுவார்கள். இவை நடிப்பல்ல. பயம் வந்தால் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இருதயம் வேகமாய் அடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, வயிறு தன் வேலையை நிறுத்துகிறது. புலியைக் கண்டவனுக்கு அந்தத் தயாரிப்பு ஐந்து நிமிஷம். இவர்களுக்கோ காலையில் கண் விழித்ததுமுதல் இரவு பாயில் சாய்ந்த பின்னும் புலி வாசலிலேயே நிற்கிறது. மாலையில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிப்பதில் என்ன ஆச்சரியம்?

ஆகவே ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். நன்றாயிருக்கிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள். அதுவும் நன்றாயிருக்கிறது. "உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று சொல்லப்படுகிறது. இந்த "ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்லைப்போல் அவர்களை நோகச் செய்வது வேறில்லை. ஒன்றுமில்லை என்றால் இந்தப் படபடப்பு யாருடையது? அந்தச் சொல்லைக் கேட்டவர் ஆறுதல் அடைவதில்லை. நான்காவது வைத்தியரைத் தேடிப் போகிறார். வீட்டிலோ, "டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், இன்னும் என்ன?" என்ற பேச்சு தொடங்குகிறது. அன்றுமுதல் அவர் தம் பாட்டை மறைக்கப் பழகுகிறார். மறைத்தே வருஷங்கள் போகின்றன. இப்படிப்பட்டவர் வீட்டில் சோறு சமைக்கிறார், வேலைக்குப் போகிறார், பூசைக்கு வருகிறார். வெளிப்பார்வைக்குக் குறை தெரிவதில்லை. உள்ளே எரிவது அவருக்கு மட்டுமே தெரியும்.

இன்னொன்றையும் பலர் வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறார்கள். கவலையை விட்டுவிட அவர்களுக்கே பயம். "நான் கவலைப்படாமல் இருந்த அன்றைக்கு ஏதாவது நடந்துவிட்டால்?" என்பார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த நோயை நெடுங்காலம் ஆராய்ந்த தாமஸ் போர்க்கோவெக் என்பவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நாம் பயந்தவற்றில் பெரும்பாலானவை நடப்பதில்லை. நடக்காமற்போனதற்கு நாம் கவலைப்பட்டதே காரணம் என்று மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. இந்தக் கள்ளக் கணக்கு வருஷக்கணக்கில் ஏறிப்போகவே, கவலை ஒரு காவற்காரனைப்போல் ஆகிவிடுகிறது. காவற்காரனை யார் வேலையிலிருந்து நீக்குவார்கள்? "கவலைப்படாதே" என்ற புத்திமதி ஏன் பலிப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

அதைப்போலவே, நிச்சயம் கேட்டுக்கொண்டே இருத்தல். மகன் சென்னைக்குப் போகிறான். பஸ் ஏறியதும் போன், செங்கல்பட்டு வந்ததும் போன், அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன். ஒரு தரம் எடுக்கவில்லையென்றால் தாய்க்கு அடிவயிறு கலங்குகிறது. "வந்து சேர்ந்துவிட்டேன் அம்மா" என்ற குரல் கேட்டால் நிம்மதி. அந்த நிம்மதி கால் மணி நேரம்கூட நிற்பதில்லை. உப்புத் தண்ணீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பதுபோல, எத்தனை நிச்சயம் கொடுத்தாலும் அடுத்த நிச்சயத்துக்கு ஏக்கம் அதிகரிக்கிறதேயன்றிக் குறைவதில்லை.

இங்கே நம் வேதம் சம்பந்தமாய் ஒரு வார்த்தை. மலைப்பிரசங்கத்தில் நாளையைப் பற்றிய கவலை வேண்டாமென்று சேசுநாதர் போதித்ததை எடுத்து, இந்த வியாதிக்காரர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லுகிறவர்கள் நம்மிலே உண்டு. காய்ச்சல்காரனைப் பார்த்து, உனக்கு நம்பிக்கை இருந்தால் உடம்பு சுடுமா என்று கேட்பதற்கு ஒப்பானது அது. மனதாரச் செய்யாதது பாவமாகாது என்பது சிறுபிள்ளைகளின் ஞானோபதேசத்திலேயே இருக்கிறது. அர்ச். இஞ்ஞாசியார் 1522-ல் மன்ரேசாவில் இருந்தபோது, சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்லும்படி ஒரு கலக்கம் அவரைப் பிடித்து ஆட்டியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைமட்டும் கொண்டுபோய் விட்டது. அது சற்று வேறு வகைப்பட்ட வியாதிதான். ஆனாலும் மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்ததால் அவர் கலக்கம் தீரவில்லை என்பதைக் கவனியுங்கள். செபம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பூசைக்கு வந்து வைத்தியரிடமும் போகலாம். ஒன்று மற்றொன்றுக்கு விரோதமல்ல.

மாத்திரையா, பேச்சா?

வைத்தியரிடம் போனால் என்ன நடக்கும் என்ற பயமும் சேர்ந்துகொள்வதால், அதை விவரமாய்ச் சொல்லுகிறேன்.

முதலில் உடம்பைச் சோதிப்பார்கள். தைராய்டு சுரப்பி மிதமிஞ்சிச் சுரந்தாலும், இரத்தம் குறைந்தாலும், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகளாலும், அளவுக்கு மிஞ்சிய காப்பியாலும் இதே படபடப்பு வரும். பிறகு கேள்விகள். 2006-ல் வெளிவந்த ஏழு கேள்விச் சீட்டு ஒன்று பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. சென்ற இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் இன்னும் விசாரிக்கவேண்டும் என்று பொருள். சீட்டே தீர்ப்பல்ல.

வியாதி நிச்சயமானால் வழி இரண்டு. ஒன்று பேச்சுச் சிகிச்சை, மற்றொன்று மருந்து. இரண்டையும் சேர்த்தும் செய்வதுண்டு.

பேச்சுச் சிகிச்சை என்றவுடன் ஆறுதல் சொல்லுவது என்று நினைக்கவேண்டாம். ஆறுதல் சொல்ல அத்தை மாமி போதும். எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் சிகிச்சை என்று சொல்லப்படும் இது ஒரு பாடசாலை; வீட்டுப்பாடமும் உண்டு. வழக்கமாய் வாரம் ஒரு மணி நேரம் வீதம் 12 முதல் 15 வாரம். வியாதியஸ்தர் தம் கவலைகளை எழுதுகிறார். இன்றைக்கே கையால் செய்து தீர்க்கக்கூடியது எது, "அப்படி நடந்துவிட்டால்?" என்று காற்றில் தொங்குவது எது என்று பிரிக்கப் பழகுகிறார். என்ன நடக்கும் என்று பயந்தாரோ அதைத் தேதி போட்டு எழுதிவைத்து, பிறகு என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். நான் மேலே சொன்ன கள்ளக் கணக்கு இப்படித்தான் பிடிபடுகிறது. போன் செய்வதை நாளுக்கு நாள் குறைக்கிறார். நிச்சயமில்லாத நிலையைச் சகிக்கப் பழகுவதே இதன் உயிர்நாடி.

போர்க்கோவெக்கும் அவரோடு உழைத்தவர்களும் 1983-ல் எழுதிய எளிய முறை ஒன்று உண்டு. தினமும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரை மணி நேரத்தைக் கவலைக்கென்று ஒதுக்கவேண்டும். மற்ற வேளையில் கவலை வந்தால் விரட்டாமல், "உனக்கு ஆறு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறேன்" என்று தள்ளிவைத்துவிட்டுக் கையிலுள்ள வேலையைப் பார்க்கவேண்டும். கேட்க வேடிக்கையாய் இருக்கும். விரட்டினால் போகாத விருந்தாளி, திண்ணையில் உட்காரச் சொன்னால் சில சமயம் தானே எழுந்து போய்விடுகிறான். இதோடு, தசைகளை ஒவ்வொன்றாய் இறுக்கித் தளர்த்தி உடம்பை இளகச் செய்யும் பயிற்சியும் உண்டு; ஸ்வீடன் தேசத்து ஆய்ஸ்ட் என்பவர் அதை, பயம் வந்த அந்த நிமிஷத்திலேயே உபயோகிக்கும்படி வகுத்துக் கொடுத்தார்.

மருந்து வழியில் இன்று முதலில் கொடுப்பது செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவை. இவை தூக்க மாத்திரை அல்ல, போதைக்கு அடிமையாக்குவதுமில்லை. ஆனால் இன்று தின்று இன்றே பலன் பார்க்கும் மருந்தும் அல்ல. குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குமுன் குமட்டலும், சிலருக்குப் படபடப்பு முன்னைவிட அதிகமாவதும் உண்டு. இதை முன்கூட்டிச் சொல்லாததால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஐந்தாம் நாள் குப்பையில் போட்டவர்கள் நம் ஊரில் பலர். தாம்பத்திய இச்சை குறைவதும் உண்டு. வெட்கத்தால் யாரும் கேட்பதில்லை, கேட்டால் வைத்தியர் வேறு வழி பார்ப்பார். இளவயதினருக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று வீட்டார் கண் வைத்திருக்கவேண்டும். குணமான பிறகும் ஒரு வருஷமாவது தொடரச் சொல்லுவார்கள். நிறுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்தே நிறுத்தவேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும்.

இவற்றில் எது மேல்? இங்கிலாந்தின் தேசிய வைத்தியத் தரக் கழகம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லை என்றும், ஆகையால் வியாதியஸ்தரின் விருப்பப்படியே தீர்மானிக்கவேண்டும் என்றும் சொல்லுகிறது. இதைச் சற்று நின்று யோசியுங்கள். கற்றறிந்த வைத்தியர்களே, நோயாளியைக் கேள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்! நம் வீடுகளில் அவரைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானிக்கிறோம். மாமியார், "மாத்திரை தின்றால் பிள்ளை தங்காது" என்கிறார். மைத்துனர், "பேசிப் பேசி என்ன ஆகப்போகிறது? ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். வியாதிக்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கேட்டால் என்ன சொல்லுவார்கள்? பதட்டம், மனச்சோர்வு முதலிய மனநோய்களுக்கு மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று ஆராய்ந்த 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அமெரிக்காவில் 2013-ல் கணக்குப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பங்கினர் மருந்தைவிடப் பேச்சுச் சிகிச்சையை விரும்பினார்கள். நம்மவர்களும் காரணம் சொல்லுவதுண்டு: "மாத்திரை என் கவலையை மூடி வைக்கும், நான் அதை அடக்கக் கற்றுக்கொள்ளவேண்டும்." மருந்தை விரும்புகிறவர்களுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. வாராவாரம் பஸ் ஏறிப் போக ஒரு நாள் கூலி போகும். கைப்பிள்ளையை யாரிடம் விடுவது? முன்பின் தெரியாதவரிடம் குடும்ப விஷயத்தைப் பேச நாக்கு எழாது. படபடப்பு அதிகமாகி, ஒரு பக்கம் எழுதவும் மனம் நில்லாதவருக்கு முதலில் மருந்து கொடுத்துப் பிறகு பேச்சைத் தொடங்குவதும் நல்லதே. இரண்டும் வேண்டாம், கொஞ்ச நாள் பார்க்கிறேன், நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் செய்கிறேன் என்பாரும் உண்டு. வியாதி இலேசாயிருந்தால், வைத்தியர் கண்காணிப்பில் அதுவும் ஒரு வழிதான். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: பேச்சுச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் சிற்றூர்களில் எளிதில் கிடைப்பதில்லை. விரும்புவது ஒன்று, கிடைப்பது வேறு என்ற நிலையில் பலர் மாத்திரையோடு திருப்திப்படவேண்டியிருக்கிறது. அப்படியானாலும், உனக்கு எது வேண்டும் என்று ஒருவர் கேட்டாரே என்பது சிறிய காரியமல்ல.

நம் தேசத்துச் சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தம் வியாதியையும் அதற்குரிய சிகிச்சையையும் பற்றித் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. அவர் விஷயம் இரகசியமாய்க் காக்கப்படவும் உரிமை உண்டு.

இனி, எச்சரிக்கையான ஒரு விஷயம். 1955-ல் அமெரிக்காவில் மெப்ரோபமேட் என்ற மாத்திரை கவலை தீர்க்கும் மருந்தாய்க் கடைக்கு வந்தது. 1960-ல் லிப்ரியம், 1963-ல் வாலியம். விழுங்கி ஒரு மணிக்குள் மனம் குளிரும். ஆகவே உலகமெல்லாம் பரவின. அந்த இனத்து அல்பிரசோலம், டயசெபாம் முதலியவை இன்றும் நம் மருந்துக்கடைகளில் இருக்கின்றன. பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பதால், நெருக்கடியில் சில நாட்களுக்குத் தவிர இந்த நோய்க்கு இவற்றைக் கொடுக்கவேண்டாம் என்று மேலே சொன்ன வழிகாட்டி கண்டிப்பாய்ச் சொல்லுகிறது. நம்மிலோ, என்றோ ஒரு வைத்தியர் எழுதிய பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்காய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாதி ஒடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். இதைப் படித்துப் பயந்து இன்றைக்கே நிறுத்திவிடவும் வேண்டாம். நெடுநாள் தின்றவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். வைத்தியரிடம் போய்ச் சிறிது சிறிதாய்க் குறையுங்கள். ஆண்களில் சிலர் கவலைக்கு மருந்தென்று மாலையில் குடிக்கிறார்கள். இரவு அடங்கின படபடப்பு விடியற்காலையில் வட்டியோடு திரும்பி வரும்.

வீட்டார்

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் பத்தாம் தரம் "ஒன்றும் ஆகாதே?" என்று கேட்கும்போது பத்தாம் தரமும் "ஆகாது" என்று சொல்லுவது அன்புபோல் தோன்றும், வியாதிக்கு அது தீனி. சீறி விழுவதும் தகாது. "இப்போது உனக்குப் பயம் வந்திருக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று பயத்தை ஒத்துக்கொண்டு, கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் விடுவது நடுவழி. இந்த ஏற்பாட்டை அவரோடு முன்பே கலந்து பேசி வைத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் கைவிட்டதாய் நினைப்பார். "ஒன்றுமில்லை" என்ற சொல்லை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். "பைத்தியக்கார டாக்டர்" என்ற சொல்லையும். பள்ளிப் பிள்ளைகள் காலையில் வயிற்றுவலி என்று அழுதால், அடிப்பதற்குமுன் எதற்குப் பயப்படுகிறான் என்று கேளுங்கள்.

சாகலாம் என்ற பேச்சு எழுந்தால் காத்திருக்கவேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவைக்கு எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாய்த் தமிழில் பேசலாம். அரசு வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

முதல் தடவை போகிறவர்கள் பழைய சீட்டுகள், பரிசோதனைத் தாள்கள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், நாட்டு மருந்து உள்பட, கையோடு கொண்டுபோகவேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் அதை முதலிலேயே சொல்லவேண்டும். கேட்க நினைத்ததை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போனால் மறந்துபோகும். கூட வந்தவர் உள்ளே வரலாமா, வெளியே பெஞ்சில் உட்காரலாமா என்று வியாதியஸ்தரையே கேளுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள்.